கீழே விழுந்த நான்கு வரிகள்

மனிதர்கள் நெருப்பைக் கண்டுபிடித்தார்கள், சக்கரத்தைக் கண்டுபிடித்தார்கள். இரண்டும் சின்ன விஷயங்கள். ஒரு பட்டியலை எங்கே வைத்தால் அது எவர் கண்ணிலும் படாது என்று கண்டுபிடித்ததுதான் பெரிய விஷயம். அந்தப் பெருமை ஒரு குடிநீர் இணைப்பு அலுவலகத்தைச் சேரும். அதிலும் குறிப்பாக, மாடியறையில் வீற்றிருந்த மேலதிகாரியைச் சேரும். அவருடைய புகழைச் சொல்லத்தான் இந்தக் கதை. நடுவில் யாருக்காவது சிரிப்பு வந்தால் அதற்கு அலுவலகம் பொறுப்பல்ல.

பட்டியல் என்றதும் மளிகைப் பட்டியல் என்று நினைத்துவிடாதீர்கள், கண்ணுகளா. கம்ப்யூட்டரில் மவுஸின் வலது பக்கத்தை ஒரு தட்டுத் தட்டினால், தட்டிய இடத்திலேயே ஒரு சின்னப் பெட்டி குதித்து வந்து, "இதைச் செய்யட்டுமா, அதைச் செய்யட்டுமா" என்று வரிசையாகக் கேட்குமே, அந்த மெனு.

அந்த அலுவலகத்தில் 'துரிதம்' என்று ஒரு மென்பொருள் இருந்தது. காலையில் அது திறப்பதற்குள் ஒரு டீ குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வரலாம். கவுண்டரில் யாராவது வந்து மனு எண்ணைச் சொன்னால், எழுத்தர் அதைத் தட்டுவார். மனு தேடப்பட்டு, திரையின் அடிமட்டத்தில், கடைசி வரியில் வந்து உட்காரும். அதன்மேல் ரைட் கிளிக் செய்தால் மெனு திறக்கும். அதில் ஐந்து வரிகள்.

பிறகு வரச் சொல்.
வேறு சான்று கேள்.
வேறு பிரிவுக்கு அனுப்பு.
பரிசீலனையில் வை.
ஒப்புதல் கொடு.

ஐந்தும் அருமையான வரிகள். ஆனால் மனு உட்கார்ந்திருப்பதோ திரையின் கடைசி வரியில். மெனு திறப்பதோ கீழ்நோக்கி. கீழே திரை ஏது? ஆகவே முதல் வரி மட்டும் முழுசாகத் தெரியும். இரண்டாம் வரியில் எழுத்துகளின் தலை தெரியும், உடம்பு தெரியாது. மற்ற மூன்றும் திரைக்குக் கீழே, யாரும் பார்த்திராத ஓர் உலகத்தில் வாழ்ந்துவந்தன. மவுஸின் சக்கரத்தை உருட்டி மனுவை மேலே கொண்டுவந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். 'உருட்டினால் மனுக்களின் வரிசை மரியாதை கெடும்' என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. அதை வெட்டித் திரையின் நெற்றியிலேயே ஒட்டியும் வைத்திருந்தார்கள்.

எழுத்தர் நல்ல மனுஷர். ஒன்பது வருஷமாக, தெரிந்த வரியை நாணயமாகச் சொல்லிவந்தார். "பிறகு வாங்க." ஒரே வார்த்தையைச் சொல்லி அலுத்துப்போகும் நாட்களில், தலை மட்டும் தெரிந்த இரண்டாம் வரியை உத்தேசமாகப் படித்து, "வேறு சாவி கேள்னு போட்டிருக்கு. சாவி இருந்தா குடுத்துட்டுப் போங்க" என்பார். ஜனங்களும் வீட்டில் கிடந்த பழைய சாவியைக் கொண்டுவந்து கொடுத்து, ரசீது வாங்கிப் போனார்கள். அவருடைய டிராயரில் அறுபத்து மூன்று சாவிகள் இருந்தன.

அப்படியென்றால் ஊரில் யாருக்குமே குழாய் வரவில்லையா? வராமல் என்ன! கையில் சிபாரிசுக் கடிதம் உள்ளவர்கள் கவுண்டர் பக்கமே வரமாட்டார்கள். நேரே மாடிக்குப் போவார்கள். மேலதிகாரியின் அறையில் ஏழு நாற்காலிகள் இருந்தன. உட்கார்ந்து எழுந்தால் ஒப்புதல். எப்படி என்று கேட்டால் எழுத்தரே பயபக்தியோடு சொல்வார்: "மாடியில பெரிய திரை இருக்கு. அதுல எல்லாம் தெரியும்."

அந்தக் கவுண்டரில் மூன்று வருஷமாக வந்து நின்றவர்களில் ஒருவர் நம் மாமியார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வீடு இரண்டாவது மாடி. தண்ணீர் தெருக்கோடிக் குழாயில். தினம் பதினாறு வாளி, நாற்பத்து நான்கு படி. அவருடைய முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு 'கடக்' சொல்லும். அதை மாமியார் கணக்கில் எடுப்பதில்லை. மருமகள் எடுப்பாள்.

மருமகளைப் பற்றிச் சொல்லவில்லையே! 'துரிதம்' செய்து கொடுத்த சின்னக் கம்பெனியில் அவள் புரோகிராமர். சேர்ந்து ஐந்து மாதம்தான். ஆறாம் மாதம் வேலை நிரந்தரமாகுமா ஆகாதா என்று தெரியவரும். அவளுடைய முதலாளிக்கு 'நோ பிராப்ளம்' என்று பெயர். அவர் சொல்லும் ஒரே வாசகம் அதுதான், ஊழியர்கள் அவருக்கு வைத்த ஒரே பெயரும் அதுதான்.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் அலுவலகத்துக்கு 'வெளிப்படைத்தன்மை' வந்து தொலைத்தது.

மேலிடத்து உத்தரவு: எழுத்தர் செய்வதை மக்களும் பார்க்க வேண்டும். ஆகவே கவுண்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், மக்களைப் பார்த்தாற்போல இரண்டாவது திரை ஒன்றை வைத்தார்கள். வயர் இழுத்தவர் அவசரக்காரர். இரண்டாவது திரை எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கேட்டதற்கு, முதல் திரைக்குக் 'கீழே' என்று குறித்துவிட்டுப் போய்விட்டார். விளைவு என்ன? ஒன்பது வருஷமாகத் திரைக்குக் கீழே விழுந்து காணாமல் போன வரிகள் எல்லாம் இரண்டாவது திரையின் உச்சியில் பொத்தென்று வந்து விழுந்தன. பட்டியலின் தலை எழுத்தரிடம், உடம்பு மக்களிடம்.

முதலில் கவனித்தவர் மாமியார்தான்.

"தம்பி, பிறகு வாங்கன்னு வாயெடுக்காதே. என் பக்கத்துல இன்னும் நாலு வரி இருக்கு."

"உங்க பக்கம் தனியா என்னம்மா வரும்? எனக்கு வர்றதுதான் உங்களுக்கும்."

"ஓடுற பஸ்ல, படியில தொங்குறவன் கையில இருக்கிற டிக்கெட்டைத் தலைகீழா படிச்சவ நான். 'ஒப்புதல் கொடு'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. உன் மவுஸை இறக்கு."

"எங்கேம்மா இறக்கறது? என் திரை முடிஞ்சுபோச்சே!"

"முடியல. எறங்கி வா. வா, வா, வா... கொஞ்சம் லெஃப்ட்ல ஒடி... இன்னும் வா... ஹோல்டான்!"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தி, அந்த அம்புக்குறி இறங்கி வருவதைப் பார்த்தார்கள். நான்காம் வரியைத் தாண்டி, ஐந்தாம் வரியைத் தொடப்போகும் நேரம். மாடியிலிருந்து ஓடிவந்த உதவியாளர் ஒரு மேசை விரிப்பை எடுத்து இரண்டாவது திரையைப் போர்த்தினார்.

"தொழில்நுட்பக் கோளாறு! எல்லாரும் பிறகு வாங்க!"

அன்று சாயங்காலம் மாமியார் பதினான்காவது வாளியோடு படியேறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

"ஏம்மா, உன் கம்பெனி சாமான்தானே அது? என் குழாய் அதுக்குள்ள கீழே விழுந்து கிடக்கும்மா. யாராவது குனிஞ்சு எடுத்துக் குடுத்தா போதும்."

"நான் எடுத்துத் தரேன் அத்தை," என்றாள் மருமகள், வாளியை வாங்கிக்கொண்டே.

மறுநாளே மாடிக் கூட்ட அறையில் அவசரக் கூட்டம். மென்பொருள் கம்பெனியிலிருந்து முதலாளியும் மருமகளும் வந்திருந்தார்கள். மேலதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு பிரச்சினையை எடுத்துரைத்தார்.

"மெனு ஒழுகுது. எங்க துறை வரலாற்றிலேயே இதுதான் முதல் ஒழுகல்."

"சார், போன வருஷம் பெரிய தெருவுல மெயின் பைப்பு..." என்று ஆரம்பித்தார் உதவிப் பொறியாளர்.

"அது தண்ணி. நான் சொல்றது தகவல். தண்ணி ஒழுகினா மண்ணுதான் நனையும்."

கூட்டம் இந்தக் கருத்தை எழுதிக்கொண்டது. கிடங்குப் பொறுப்பாளர் கையைத் தூக்கினார்.

"சார், எழுத்தர் திரைக்கு அடியில ரெண்டு பதிவேட்டை வெச்சு உசத்திட்டா, கீழே இடம் கிடைக்குமே? மெனு தாராளமா உக்காரும்."

யாரும் சிரிக்கவில்லை. "எத்தனை பக்கப் பதிவேடு?" என்று கேட்டார் மேலதிகாரி. "நானூறு பக்கம் சார், கெட்டி அட்டை." தகுந்த பதிவேட்டைத் தேர்ந்தெடுக்க மூவர் அடங்கிய துணைக்குழு அமைக்கப்பட்டது. அந்தத் துணைக்குழு இன்றைக்கும் இருக்கிறது. இதற்குள் பல பதிவேடுகளைப் பார்த்துவிட்டது.

மருமகள் மெதுவாகச் சொன்னாள்: "சார், கீழே இடம் இல்லைன்னா மெனுவை மேல் பக்கமா திறக்க வெச்சிடலாம். மத்த புரோகிராம்ல எல்லாம் அப்படித்தான். நாலு வரி கோட், அவ்வளவுதான்."

"மேல் பக்கமாவா?" மேலதிகாரியின் புருவம் மெனுவைப் போலவே மேல்நோக்கித் திறந்தது. "கவுண்டர்லேர்ந்து மேல் பக்கமா எது வந்தாலும் என் கையெழுத்து வேணும்மா."

"போடுங்க சார்."

"அப்ப அந்த வரியெல்லாம் மக்கள் திரையில விழாதே?"

"ஒரு புள்ளி கூட விழாது சார்."

"நோ பிராப்ளம் சார்," என்றார் முதலாளி.

'மெனுவை மக்கள் கண்ணில் படாத திசையில் திறக்க ஒப்புதல் அளிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் மேலதிகாரி. எழுத்தருக்கும் இரண்டு கண்கள் உண்டு என்பதை யாரும் குறிப்பில் சேர்க்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் புதிய மெனு வேலைக்கு வந்தது. கடைசி வரியில் இருந்த மனுமேல் எழுத்தர் ரைட் கிளிக் செய்தார். ஐந்து வரிகளும் குடை விரிந்தாற்போல மேலே எழுந்து நின்றன. எழுத்தர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"'வேறு சான்று கேள்'! சாவி இல்லையா? ஐயோ, அறுபத்து மூணு பேரு வீட்டுச் சாவிய வாங்கி வெச்சிருக்கேனே!"

"அதுக்கு அடியில பாருங்க அண்ணே," என்றாள் பக்கத்தில் நின்ற மருமகள்.

அவர் பார்த்தார். ஐந்தாம் வரி, அவருடைய அம்புக்குறிக்கு மிக அருகே, தொட்டால் கிடைக்கும் தூரத்தில். "இது மாடியில மட்டும்தான் இருக்குன்னு நினைச்சேன்மா," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் ஒப்புதலை அழுத்தினார். வரி பச்சையாயிற்று. பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. பதினோரு மணிக்குள் நாற்பத்தொரு ஒப்புதல்! கூடவே ஒன்பது சாவிகளும் சொந்த வீட்டுக்குத் திரும்பின.

நம் மாமியார் எத்தனையாவது? நாற்பத்திரண்டாவது. ஏழு மணிக்கே வந்து முதலாவதாக நின்றவர்தான். ஆனால் வரிசை என்று ஒன்றைப் பார்த்துவிட்டால் அவரால் சும்மா நிற்க முடியாது. "கைக்குழந்தைக்காரி முன்னாடி போம்மா. பெரியவரே, நீங்க இப்படி வாங்க. நடுவுல நிக்காதீங்க, உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று பாதி ஊரை ஏற்றிவிட்டு, அதற்கப்புறம்தான் தானும் ஏற வந்தார்.

அதற்குள் மாடியில் ஏழு நாற்காலியும் காலி. கடிதம் வைத்திருந்தவர்கள்கூட, "கீழேயே சீக்கிரம் ஆகுதாமே" என்று இறங்கி வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக மேலதிகாரி படியிறங்கினார். முதலாளியும் பின்னாலேயே வந்தார்.

"யாரு இதை இங்கே வெச்சது?"

"நீங்கதான் சார் கையெழுத்துப் போட்டீங்க," என்றாள் மருமகள்.

"நான் இடத்துக்குத்தான் கையெழுத்துப் போட்டேன். பார்வைக்குப் போடல. பழையபடி கீழ் பக்கமாவே திறக்கட்டும்."

"கீழே திறந்தா மக்கள் திரையில விழுமே சார்."

"விழக் கூடாது. இந்தத் திரையிலயும் விழக் கூடாது, அந்தத் திரையிலயும் விழக் கூடாது."

"அப்ப நாலு வரி எங்கே சார் இருக்கும்?"

"அது உங்க தொழில்நுட்பம். ரெண்டு தரப்புக்கும் பாரபட்சம் இல்லாம இருக்கணும், அவ்வளவுதான். இப்பவே பண்ணினா வேலை முடிஞ்சதுன்னு சான்றுல கையெழுத்துப் போடறேன்."

"நோ பிராப்ளம் சார்," என்றார் முதலாளி. பிறகு மருமகள் பக்கம் குனிந்து, "அந்தக் கையெழுத்து வந்தாத்தான் உன் நிரந்தரம், தெரியுமில்ல?" என்றார். அவர் வாழ்க்கையில் பேசிய இரண்டாவது வாசகம் அது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமியார் மனுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இந்தப் பக்கம் மருமகளின் விரல் விசைப்பலகைமேல் நின்றது. நாலு வரி கோட். எழுத ஒரு ராத்தூக்கம் போயிற்று. எடுக்க அரை நிமிஷம் போதும். எடுத்தாள். இரண்டாவது திரையைப் 'பக்கத்தில்' என்று மாற்றிக் குறித்தாள். நான்கு வரிகளும் பழைய அனாதை உலகத்துக்குத் திரும்பிப்போயின. மேலதிகாரி திருப்தியாகப் படியேறினார்.

"அடுத்தது நான்தான், தம்பி," என்றார் மாமியார்.

எழுத்தர் ரைட் கிளிக் செய்தார். ஒரு வரியும், அரை வரித் தலையும். "பிறகு..." என்று ஆரம்பித்தவரால் முடிக்க முடியவில்லை. மாமியார் அவர் பக்கம் திரும்பவில்லை. மருமகளைத்தான் பார்த்தார். டிக்கெட் எடுக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்பவனை முப்பது வருஷம் பார்த்த அதே பார்வை. பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டு, "சரி, விடு" என்றார். அந்தப் பார்வையைவிட இந்தச் 'சரி விடு' கனமாக இருந்தது.

மருமகள் சான்றில் கையெழுத்து வாங்க மாடிக்குப் போனாள். கால் போன வழியே போனாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த அறையை அவள் முதல் முறையாகப் பார்க்கிறாள். பெரிய மேசை, பெரிய நாற்காலி, பெரிய காற்றாடி. திரை மட்டும் கீழே இருக்கிற அதே அளவு. அதே கம்பெனி. அதே சுற்றறிக்கை அதன் நெற்றியிலும்.

"பெரிய திரைன்னு சொன்னாங்களே சார்?"

"மனசு பெரிசா இருந்தா திரை பெரிசாத் தெரியும்மா," என்றார் அவர்.

அப்போது கடிதத்தோடு ஒருவர் வந்து உட்கார்ந்தார். மேலதிகாரி எண்ணைத் தட்டினார். மனு கடைசி வரியில் வந்து உட்கார்ந்தது. ரைட் கிளிக் செய்தார். கீழே எழுத்தருக்குத் தெரிகிற அதே ஒன்றரை வரி. பிறகு, திரையைப் பார்க்காமலே, விசைப்பலகையில் ஒரே ஒரு தட்டு. அடுத்து எண்டர். பச்சை!

மருமகள் விசைப்பலகையைப் பார்த்தாள். எழுத்து விசைகள் எல்லாம் நேற்று வாங்கியவைபோலப் பளபளத்தன. மேலதிகாரி எதையும் தானே எழுதுவதில்லை. எல்லாம் பிறர் எழுதிக் கையெழுத்துக்கு வருவது. எண் விசைகளும் எண்டரும் லேசாக மங்கியிருந்தன. ஒரே ஒரு விசைதான் அடியோடு தேய்ந்து, அதன்மேல் இருந்த குறியெல்லாம் போய், சோழிபோல மழுங்கியிருந்தது. மேல் நோக்கிய அம்புக்குறி விசை.

மெனு திறந்ததும் மேல் அம்பை ஒரு தரம் தட்டினால், தேர்வு ஒரு சுற்றுச் சுற்றிப் போய்க் கடைசி வரியில் நிற்கும். இது மெனு செய்கிற எல்லாருக்கும் தெரியும். வரி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. இருந்தால் போதும். அவளுக்கும் தெரியும்தான். கண்ணுக்குத் தெரியாத மெனுவில் போய் யார் தட்டிப் பார்ப்பார்கள் என்று இதுவரை நினைத்திருந்தாள்.

"கையெழுத்து, சார்," என்றாள். வாங்கினாள். மடித்துப் பத்திரமாகப் பையில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் படியிறங்கினாள், இரண்டிரண்டு படியாக.

"அண்ணே, ரைட் கிளிக் பண்ணுங்க. பண்ணிட்டு மவுஸை விட்டுடுங்க. இந்த மேல் அம்பு விசையை ஒரே ஒரு தரம் தட்டுங்க, மாடியில இதுதான் தேஞ்சு கிடக்கு. அப்புறம் எண்டர்."

"ஒண்ணும் தெரியலையேம்மா."

"தெரியாது அண்ணே. ஆனா இருக்கு."

எழுத்தர் கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். டக். டக். திறந்து பார்த்தார். மாமியாரின் மனு பச்சைப்பசேலென்று இருந்தது.

மாமியார் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டி, அலுவலகமே அதிரக் குரல் கொடுத்தார்.

"போலாம் ரைட்!"

அதோடு வீட்டுக்குப் போனாரா? அவரா போவார்! கவுண்டர் பக்கத்திலேயே ஒரு ஓரமாக நின்றுகொண்டு, மிச்சமிருந்த ஐம்பத்தேழு பேருக்கும் ஒவ்வொரு பச்சைக்கும் "போலாம் ரைட்" சொல்லி அனுப்பிவிட்டுத்தான் கிளம்பினார். மாடியில் அந்தச் சத்தத்தைக் கேட்ட மேலதிகாரி, "பாருங்க, மெனு சரியான இடத்துக்குப் போனதும் மக்கள் எவ்வளவு உற்சாகமா இருக்காங்க" என்றாராம்.

அடுத்த வாரமே இரண்டாவது மாடியில் குழாய் வந்தது. முதல் நாள் மாமியார் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு, ஒரு மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் மேலதிகாரிக்கும் குறையொன்றும் வரவில்லை. புகார்கள் குறைந்துவிட்டன என்று மேலிடம் மகிழ்ந்து, 'பட்டியல் இட நிர்ணயத்தில் முன்மாதிரி அலுவலர்' என்று கேடயம் கொடுத்தது. மற்ற அலுவலகங்களிலிருந்து ஆட்கள் வந்து, எதுவும் தெரியாத அந்த இடத்தைக் குனிந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு மாதம் கழித்து, கவுண்டர் விசைப்பலகையில் ஒரு விசை மட்டும் குறி அழிந்து மழுங்கிவிட்டதாகக் கிடங்குப் பொறுப்பாளர் அறிக்கை அனுப்பினார். மேலதிகாரி உடனே எழுத்தருக்கு மெமோ கொடுத்தார். 'அலுவலக உடைமையான மேல் அம்பு விசை இரண்டே மாதத்தில் தேய்ந்ததற்கான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவும்.'

எழுத்தர் மென்மையானவர். ஒருவரையும் கடிந்து பேசி அறியாதவர். யோசித்து யோசித்து, மரியாதை குறையாமல், அழகான கையெழுத்தில் பதில் எழுதினார்.

'ஐயா, தங்களுடைய விசை ஒன்பது வருஷமாக எதனால் தேய்ந்ததோ, என்னுடையதும் அதனால்தான். தங்களுடையது ஏழு நாற்காலிக்குத் தேய்ந்தது. ஆகையால் நாளாயிற்று.'